பின்கதவு பார்த்த அன்ரி

அறை கேட்டுப் போன அன்று அன்ரி எனக்கு முதலில் காட்டியது அறையை அல்ல. குசினி என்று அவர் சொல்லும் சமையலறை வழியாக நேரே கூட்டிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தார்.

"இதாலை இறங்கினா ஒழுங்கை. இடக்கைப் பக்கம் திரும்பினா ஸ்ரேஷன். இந்தக் கதவின்ரை திறப்பு எப்பவும் கதவிலைதான் கிடக்கும். ஒருத்தரும் கழட்டக் கூடாது. சரியோ பிள்ளை?"

பிறகுதான் அறை, குளியலறை, வாடகை எல்லாம். ஒழுங்கை என்றால் சந்து, திறப்பு என்றால் சாவி என்பதெல்லாம் போகப்போகத்தான் எனக்குப் புரிந்தது. நான் திண்டுக்கல்லிலிருந்து மெல்பர்னுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. உள்ளே வருகிறவளுக்கு வெளியே போகிற வழியைக் காட்டுகிறாரே, இடம் கொடுக்க மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே என் பெட்டியை அவரே தூக்கி உள்ளே வைத்தார். தேங்காய்ச் சம்பலும் இடியப்பமும் தந்தார். நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பை, வாசலைப் பார்த்தபடி திருப்பி வைத்தார்.

மெல்பர்னின் ஸ்பிரிங்வேல் பகுதியில் அவரை எல்லாரும் அன்ரி, நம் ஊர் ஆன்ட்டி, என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தன் பெயரை யாரும் எழுதிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. கூரியர்காரன் கையெழுத்துக் கேட்டாலே முகம் வெளிறிவிடும். அதனால் நானும் இங்கே எழுதப்போவதில்லை.

அவருக்கு ஒரே மகள், தர்சினி. இரண்டு பேரும் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். அப்போது தர்சினி சின்னப் பிள்ளை. வந்து இத்தனை வருஷமாகியும் கையில் இருந்தது தற்காலிக விசாதான். அது முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். அன்ரி டண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சலாட் இலைகளைப் பாக்கெட்டில் அடைக்கிற வேலை பார்த்தார். குளிர் அறையில் நிற்கிற வேலை. வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

எந்த இடத்துக்குப் போனாலும் அவருக்கு முதலில் வெளியே போகிற வழி தெரிய வேண்டும். ஸ்பிரிங்வேலில் மீன் கடைக்கா பஞ்சம்? அத்தனை கடைகளையும் தாண்டி, தெருப் பக்கம் ஒரு வாசலும் கார் நிறுத்துகிற பக்கம் ஒரு வாசலும் உள்ள கடைக்குத்தான் போவார். அங்கே மீன் அவ்வளவு நன்றாக இருக்காது. கோயிலில் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவார். ஐயர் தீபாராதனைத் தட்டைக் கொண்டுவருவதற்குள் கற்பூரம் பாதி எரிந்து போயிருக்கும். சினிமாத் தியேட்டர் பக்கமே போகமாட்டார். "இருட்டுக்கை இருத்திப்போட்டுக் கதவைச் சாத்துறாங்கள், அதுக்குக் காசும் குடுக்கிறதோ?" என்பார்.

நான் அவரை நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அன்ரி, சொர்க்கத்துக்குப் போனாலும் பின்கதவு எங்கன்னுதான் கேப்பீங்களா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு வாசல் மட்டும் உள்ள இடத்திலை நான் ரெண்டு தரம் அகப்பட்டனான் பிள்ளை. ஒருக்கா பங்கர். ஒருக்கா முகாம். ரெண்டிலையும், உள்ளுக்கை போகேக்கை இருந்த ஆக்கள் வெளியாலை வரேக்கை இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். இறால் தோலைப் பையில் கட்டினார். அதற்குப் பிறகு கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன்.

அந்த வருஷம் தர்சினிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்திருந்தது. இங்கேயே வளர்ந்து, இங்கேயே படித்த பிள்ளை. ஆனால் யூனிவர்சிட்டிக் கட்டணம் என்று வந்தால் மட்டும் அவள் வெளிநாட்டுக்காரி ஆகிவிடுவாள். அவளைப் போன்றவர்களுக்கென்று கிளேட்டனில் இருக்கிற பெரிய யூனியில் சில இலவச இடங்கள் உண்டு. மார்க் கொஞ்சம் குறைந்ததில் அந்த இடம் நழுவிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வழி. ஒரு சின்னக் கல்லூரியில் ஒரு வருஷ டிப்ளமா படித்து, நல்ல மார்க் எடுத்து, யூனியின் இரண்டாம் வருஷத்துக்குத் தாவ வேண்டும். நானும் அந்தத் திட்டத்தில்தான் வந்திருந்தேன். "முதல்ல உள்ள போயிரும்மா, அப்புறம் மாறிக்கலாம்" என்று ஏஜென்ட் என்னை ஏற்றி அனுப்பியிருந்தார்.

தர்சினிக்கு இலவசமாக இடம் தருவதாக இரண்டு கல்லூரிகள் சொல்லியிருந்தன. பார்த்துவர என்னையும் கூட்டிக்கொண்டு போனார் அன்ரி. தர்சினி மொழிபெயர்த்தால் பாதியை விழுங்கிவிடுவாள் என்று அவருக்குச் சந்தேகம்.

முதல் கல்லூரி சிட்டியில், வானத்தை முட்டுகிற கட்டடத்தில் இருந்தது. கண்ணாடிச் சுவர், காப்பி மெஷின், டை கட்டிய ஆள். அவர் எல்லாம் சொல்லி முடித்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"இதிலை இருந்து வெளியாலை போறது எப்பிடி எண்டு கேளும்."

"அம்மா, ஸ்டாப் இட்," என்றாள் தர்சினி.

எல்லாரும் உள்ளே வர வழி கேட்கிற இடத்தில் நான் வெளியே போக வழி கேட்டேன். படித்து முடிப்பதற்கு முன்பே வேறு இடத்துக்கு மாறுவதென்றால் எப்படி என்று கொஞ்சம் நாசூக்காகத்தான் கேட்டேன். அந்த ஆள் சிரித்தார். எங்கள் மாணவர்கள் எங்களை விட்டுப் போவதே இல்லை, இங்கேயே பட்டமும் முடித்துவிடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

"ஒருத்தரும் வெளியாலை போறேல்லையாமோ?"

"அப்படித்தான் சொல்றாரு அன்ரி."

அன்ரி எழுந்தார். மகளின் கையைப் பிடித்தார். லிஃப்டுக்குக்கூட நிற்காமல், அத்தனை மாடியும் படியில் இறங்கி வந்தோம். தெருவுக்கு வந்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

இரண்டாவது, நான் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த கல்லூரி. டயர் கடைக்குப் பக்கத்தில் இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். முன் மேசையில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கல்லூரியில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். அதே கேள்வியைக் கேட்டேன்.

"எல்லாரும் போய்விடுவார்கள்," என்றார் அவர், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. "ஒரு வருஷத்துக்கு மேல் யார் இங்கே இருக்கிறார்கள்? நான் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன்."

அன்ரியின் முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான். "இதுதான் நல்ல இடம். பேரையும் ஞாபகம் வைக்கமாட்டினமாம்."

சேர்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வரவில்லை. கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். மேல்மாடியில் கழிவறைக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்புப் படி பின்னால் கார் நிறுத்துகிற இடத்துக்கு இறங்குவதைக் கண்டுபிடித்தார். அங்கேயே படித்த எனக்கு அப்படி ஒரு படி இருப்பதே தெரியாது. தர்சினியை அதில் இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொல்லி, மறுபடியும் இறங்கச் சொன்னார்.

"ஏதும் நடந்தா முன்னாலை ஓடாதை. சனமெல்லாம் முன்னாலைதான் ஓடும். நீ இதாலை வா. விளங்கிச்சோ?"

"ஓம் அம்மா. ஓகே. கேன் வி கோ நவ்?"

அந்த வருஷம் முழுக்க அவருக்கு இருந்த பயம், கல்லூரி மூடிவிடும் என்பது. சின்னக் கல்லூரிகள் திடீரென்று மூடிக்கொள்வது உண்டு என்று வேலைத்தலத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். மகள் பாதி வழியில் நின்றுவிட்டால், பிறகு எந்தக் கதவைத் தட்டுவது? மாலையில் நான் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, "இண்டைக்குக் காலேஜ் திறந்தவங்களோ?" திறக்காமல்தான் நான் புத்தகப் பையோடு வருகிறேனா? வேலை இல்லாத நாட்களில் பஸ் பிடித்துப் போய், எதிர்ப்பக்கம் நின்று கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவார். உள்ளே வரமாட்டார். கட்டடம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

ஒருநாள் வகுப்பில் இருக்கும்போது போன் அடித்தது. எடுத்தால் அன்ரி. "பிள்ளை, போர்டைக் காணேல்லை. கழட்டிப்போட்டாங்கள். நீங்கள் உள்ளுக்கையோ இருக்கிறியள்?" ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பெயர்ப்பலகையைக் கழற்றிக் கீழே வைத்துச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் அன்ரி, வேலையிலிருந்து நேரே வந்தவர், தொழிற்சாலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகையை மறுபடி மாட்டுகிறவரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

தர்சினிக்கோ அந்த இடம் பிடித்துவிட்டது. சிநேகிதிகள் கிடைத்தார்கள். கல்லூரிப் பெயர் போட்ட டீ-ஷர்ட் ஒன்றை வாங்கி வந்தாள். அன்ரி அதை மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டார். "போற இடத்தின்ரை சேர்ட்டை வாங்குவம். இது நிக்கிற இடம் இல்லை."

வருஷ முடிவு. கடைசிப் பரீட்சை, உயிரியல். அதில் எடுக்கிற மார்க்தான் பெரிய யூனியில் அந்த இலவச இடம் கிடைக்குமா இல்லையா என்று தீர்மானிக்கும். அன்ரி காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கல்லூரி முன்வாசலில் நின்றார். எனக்கு அன்று பரீட்சை இல்லை. துணைக்கு நின்றேன்.

பாதிப் பரீட்சையில் அலாரம் அடித்தது.

காது கிழிகிற சத்தம். முன்வாசலால் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு. அன்ரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தர்சினியின் சிநேகிதிகள் வந்தார்கள். தர்சினி வரவில்லை. கூட்டம் மெலிந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு ஊழியர் கடைசியாக வந்து, கதவைச் சாத்தத் திரும்பினார்.

அதைப் பார்த்ததும் அன்ரி ஓடினார். எந்த இடத்திலும் வெளியே வருகிற வழி தெரியாமல் உள்ளே போகாத மனுஷி, சாத்தப் போகிற கதவுக்குள், அந்த ஆளின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடினார். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

மேல்மாடி ஹாலில் யாருமில்லை. மேசைகளில் விடைத்தாள்கள் அப்படியே கிடந்தன. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அன்ரி தர்சினியைக் கூப்பிடவில்லை. குனிந்து, ஒவ்வொரு மேசைக்கும் அடியில் பார்த்துக்கொண்டு போனார். முதல் வரிசை, அடுத்த வரிசை. தாள்கள் அவர் தோளில் பட்டுத் தரையில் விழுந்தன. அவர் தேடுவது அந்த ஹாலில் இல்லை, வேறு எங்கேயோ என்று எனக்குத் தோன்றியது. அவர் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது.

நான் ஜன்னல் பக்கம் போனேன். கீழே, பின்பக்கம் கார்களுக்கு நடுவே, தர்சினி தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாள். இரும்புப் படியால் இறங்கியிருக்கிறாள். அம்மா சொல்லிக் கொடுத்தபடியே.

"அன்ரி, இங்க பாருங்க. கீழ நிக்குறா. ஒண்ணும் ஆகலை."

வந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். அலாரம் நின்றது.

"பின்னாலை வா எண்டு நான்தானே சொன்னனான்," என்றார். "நான்தானே பிள்ளை சொன்னனான்."

யாரோ ரொட்டி கருக்கியதில் அடித்த அலாரம் அது. ஆனால் எங்களுக்குத் தீ அதற்குப் பிறகுதான் பிடித்தது. விடைத்தாள் கிடந்த ஹாலுக்குள் வெளி ஆட்கள் புகுந்துவிட்டார்கள், அதில் ஒருவர் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் அம்மா, தாள்கள் கலைந்து கிடக்கின்றன. மஞ்சள் சட்டைக்காரர் அன்ரியிடம் பெயர் கேட்டார். எழுதிக்கொண்டார். விசாரித்து முடிக்கிறவரை தர்சினியின் மார்க் நிறுத்தி வைக்கப்படும் என்றார்.

தர்சினி வீட்டுக்கு வந்ததும் பையை மேசையில் போட்டாள். குசினிக் கதிரையில் உட்கார்ந்து, அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டினாள்.

"நீங்கள் சொன்ன வழியாலைதானே வந்தனான். யூ டோல்ட் மீ, அம்மா. நீங்களே ஏன் அதை நம்பேல்லை?"

அன்ரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாட்களில், பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள், அது இமிகிரேஷனுக்குப் போகும், விசாவைப் பிடுங்குவார்கள், பிள்ளையின் படிப்பும் போச்சு என்று அன்ரி முடிவே கட்டிவிட்டார். வீட்டின் முன்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். சோறு தட்டிலேயே காய்ந்துகிடக்கும். ஒருநாள் குப்பை கொட்டப் பின்பக்கம் போனேன். கதவு பூட்டியிருந்தது. திறப்பைக் காணவில்லை.

"அன்ரி, பின்கதவுச் சாவி எங்க?"

"நான்தான் எடுத்து வைச்சனான். இதாலை வந்ததுதானே எல்லாம். இனி வேண்டாம்."

பின்கதவு பூட்டிய அந்த வீட்டுக்குள் இருப்பது எனக்கே மூச்சு முட்டியது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு வழியாகக் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம். அன்ரி கோயிலுக்கு உடுத்துகிற சேலையை உடுத்தியிருந்தார். பிடித்துக்கொண்டு போவதென்றால் மரியாதையாகப் போவோம் என்று நினைத்தாரோ என்னவோ. மேசைக்குப் பின்னால் அதே சாண்ட்விச் பெண்மணி. அலாரம் அடித்ததால் அந்தப் பரீட்சையே ரத்து, எல்லாரும் மறுபடி எழுதப்போகிறார்கள், தர்சினியும் எழுதலாம் என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அன்ரியைப் பார்த்தார். "ஆனால் நீங்கள் இனிமேல் கட்டடத்துக்குள் வரக் கூடாது."

"எங்களை ஆருக்கும் அறிவிப்பினமோ எண்டு கேளும்," என்றார் அன்ரி.

கேட்டேன். "யாருக்கு?" என்றார் அந்தப் பெண்மணி, உண்மையிலேயே புரியாமல்.

அன்ரி சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "வெளியாலை நிக்கலாமோ எண்டு கேளும்."

"வெளியே இருப்பது தெரு. அது என்னுடையது இல்லை," என்றார் பெண்மணி.

மறு பரீட்சை அன்று அன்ரி டயர் கடை மூலையில் நின்றார். முன்வாசலும் பின்படியும் ஒருசேரத் தெரிகிற இடம் அது ஒன்றுதான். டயர் கடைக்காரர் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். அன்ரி உட்காரவில்லை. தர்சினி முன்வாசலால், சிநேகிதிகளோடு, பேசிக்கொண்டே வந்தாள். மார்க் வந்தது. பெரிய யூனியில் இடமும் கிடைத்தது. அன்று மாலை வீட்டுக்குப் போனபோது திறப்பு மறுபடி பின்கதவில் தொங்கியது.

எனக்கு மார்க் போதவில்லை. தாவ வந்தவள் அந்தச் சின்னக் கல்லூரியிலேயே இருந்து படிப்பை முடித்தேன். இப்போது சிட்னியில், ஹோம்புஷில் இருக்கிறேன். அன்ரியோடு வெளியே போனதில் எனக்கு மறக்காதது, புதுப் பிள்ளைகளை வரவேற்கிற நாளில் கிளேட்டன் யூனிக்கு.

அது யூனி இல்லை, ஊர். கட்டடங்களுக்கு நடுவே தெருக்கள், தெருக்களில் பஸ். ஒரு கூடாரத்தில் பெற்றோருக்கு எல்லாம் விளக்கிச் சொன்ன பெண், தர்சினியைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள், ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டாள். தர்சினி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் என்ன கேள்வி வரும் என்று தெரியும்.

அன்ரி என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்றிருந்தது.

"பிள்ளை எந்த வாசலாலை வெளியாலை வருவா எண்டு கேளும்."

கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வரைபடத்தை மேசையில் விரித்து, இங்கே வாசல் என்று ஒன்றும் கிடையாது, எல்லாப் பக்கமும் திறந்ததுதான், எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்று கையை அதன்மேல் வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். நான் தமிழில் சொன்னேன்.

தர்சினி "போயிட்டு வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போனாள். எல்லாத் திசைக்கும் பாதை பிரிகிற ஓர் இடத்தில் அன்ரி நின்றுகொண்டார். பக்கத்தில் பெஞ்சு இருந்தது. உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. ஒரு பக்கம் பார்த்தார். பிறகு மறுபக்கம் பார்த்தார்.

"நான் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறது, பிள்ளை?" என்றார்.